டூயல் பூட் பாதியில் நின்றது: 120 ஜிபியை சி டிரைவில் சேர்ப்பது எப்படி?

விண்டோஸ் 11 இருக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டாவது ஓஎஸ்ஸாக (டூயல் பூட்) உபுண்டு லினக்ஸ் இன்ஸ்டால் செய்தது பாதியில் நின்றுவிட்டது. விண்டோஸ் நன்றாக பூட் ஆகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உபுண்டு பார்ட்டிஷனை அழித்தாகிவிட்டது. ஆனால் அந்த 120 ஜிபி ‘அன்அலகேட்டட்’ (எதற்கும் ஒதுக்காத காலி இடம்) என்றே நிற்கிறது. சி டிரைவில் ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ மங்கலாகத்தான் வருகிறது.

தற்போதைய வரிசை: ஈஎஃப்ஐ (பூட் ஃபைல்கள் இருக்கும் பார்ட்டிஷன்) 100 எம்பி, சி 356 ஜிபி, ரெக்கவரி (விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகள் இருக்கும் பார்ட்டிஷன்) 750 எம்பி, அதன் பிறகு காலி இடம். சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் நீட்டிக்கும். நடுவில் ரெக்கவரி நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

யோசித்திருக்கும் வழி: ‘ரீஏஜென்ட்-சி’ கட்டளையில் ரெக்கவரியை டிசேபிள் செய்து, டிஸ்க்பார்ட்டில் (கட்டளை வழி பார்ட்டிஷன் கருவி) ‘ஓவர்ரைடு’ சேர்த்து அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, கடைசியில் 1 ஜிபி விட்டு சியை நீட்டித்து, அங்கே புது ரெக்கவரி அமைத்து மீண்டும் எனேபிள் செய்வது. லைவ் யுஎஸ்பியில் (யுஎஸ்பியிலிருந்தே பூட் ஆகும் லினக்ஸ்) ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு ரெக்கவரியை நகர்த்துவதைவிட இது மேல் என்று தோன்றுகிறது. நகர்த்தும்போது மின்சாரம் போனால் கதை முடிந்தது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்:

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) ஆனில் இருக்கிறது. சஸ்பெண்ட் செய்தால் போதுமா, முழுவதும் டிகிரிப்ட் செய்ய வேண்டுமா? ரெக்கவரி கீ, பேக்கப் இரண்டும் வெளி டிஸ்க்கில் உள்ளன.

பூட் மெனுவில் ‘உபுண்டு’ இன்னும் தெரிகிறது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள அதன் ஃபோல்டரை மட்டும் அழித்தால் போகுமா, பிசிடிஎடிட்டில் (பூட் பதிவுகளைத் திருத்தும் விண்டோஸ் கட்டளை) ஃபர்ம்வேர் பதிவையும் தனியாக நீக்க வேண்டுமா?