பினாங்கில் காய்ந்த ஜெலுத்தோங் கட்டை எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. கேலிமுகப் பொம்மை செதுக்கும் வகுப்புக்கு, எட்டுப் பேருக்குக் கட்டை தேவை. 2 அங்குலச் சதுரம், 6 அங்குல நீளம், ஆளுக்கு இரண்டு. செதுக்குவோர் விரும்பும் பாஸ்வுட் மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. ஜெலுத்தோங் (மரத்தைச் சொல்கிறேன், ஊரை அல்ல) மென்மையானது, ரேகை நேராக ஓடும்.

ஆனால் ஈரக்கட்டையாக இருந்தால் பூஞ்சணத்தால் நீலக்கறை பாய்ந்துவிடும், காயும்போது வெடிக்கவும் கூடும். அதைவிடத் தொல்லை, மரப்பால் ஓடிய கீற்றுகள் (கட்டைக்குள் இருக்கும் சிறு பிளவுகள்). கட்டையின் செங்குத்து விளிம்புதான் மூக்காகும். கீற்று அங்கே விழுந்தால் நுனி பெயர்ந்து கையோடு வரும். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாலும், தண்ணியாகக் கரைத்துப் பூசும் அக்ரிலிக் அந்த இடத்தில் ஊறாமல் திட்டாகத் தெரியும். விற்கிற பொம்மைக்கு அது ஆகாது.

பட்டர்வொர்த், பிறை பக்கம் சூளையில் உலர்த்திய ஜெலுத்தோங்கைச் சில்லறையாக அறுத்துத் தரும் மரக்கடை தெரிந்தால் சொல்லுங்கள். துண்டுகளை நாமே பார்த்துப் பொறுக்க விடுவார்களா?

இன்னொன்று: வெட்டுத்தாங்கும் கையுறை, சிறிய அளவில், ஜோர்ஜ்டவுனில் எங்கே கிடைக்கும்? இறைச்சிக்கடையில் போடும் இரும்புவலைக் கையுறை வேண்டாம், கட்டை வழுக்குகிறது. விலையும் போட்டால் நல்லது.