மறு: ஆய்வுநிதி அறிக்கையில் "மறைமுக" என்பது எதை?

> ஆங்கிலத்தில் indirect cost, indirect effect என வரும் இரண்டுக்குமே தமிழில் "மறைமுக" என்று போட்டால் என்ன?

குழப்பம்தான் மிஞ்சும் ஐயா. மானியத்தில் கட்டடம், மின்சாரம், கணக்குப்பிரிவு இவற்றுக்காக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு ஒன்று. 2025 பிப்ரவரியில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 15 விழுக்காடாகக் குறைக்கப் பார்த்து, நீதிமன்றம் தடுத்தது இதைத்தான். ஆய்வகத்துக்குப் பொருள் விற்றவர் தன் சரக்குக்குச் செலவிடுவது வேறொன்று. முன்னது செலவு, பின்னது விளைவு. முன்னதற்கு வணிகவியலில் புழங்கும் "மேற்செலவு" போதும். பின்னதற்கு "வழங்கல்வழி விளைவு" எனலாமா? ஆய்வக ஊழியர் சம்பளத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை கொடுப்பதும் மளிகை வாங்குவதும் "நுகர்வுவழி விளைவு".
(காட்பாடி)

---

> வழங்கல்வழி விளைவு

"கொள்முதல்வழி" என்றால் இன்னும் தெளிவு. வாங்குவதால்தானே அந்த விளைவு?

"கசிவு", அதாவது மாநிலத்துக்கு வெளியே போய்விடும் பணம், என்பதையும் சொற்பட்டியலில் சேருங்கள். அது இல்லாமல் பெருக்கி (1 ரூபாய் மானியத்தால் மொத்தம் எத்தனை ரூபாய் இங்கே புழங்குகிறது என்ற எண்) பொய் சொல்லும். 1 கோடி மானியம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 50 லட்சம், உள்ளூர்ச் செலவு 15, வெளியிலிருந்து வரும் ரீஏஜென்ட் (சோதனை வேதிப்பொருள்), கிட், கருவி 35. மாநிலத்தில் தங்குவது 65 லட்சம். ஒவ்வொரு சுற்றிலும் 40 விழுக்காடு இங்கேயே மறுபடி செலவானால், 65ஐ 0.6ஆல் வகுக்க 108 லட்சம். பெருக்கி 1.08தான்! 2024 நிதியாண்டுக்கு அமெரிக்காவில் அந்த நலவாழ்வு நிறுவனத்தின் 1 டாலர் ஆய்வுநிதிக்கு 2.56 டாலர் என்று வந்த எண்ணை இங்கே ஒட்டுகிறார்கள். அது நாடு முழுமைக்குமான எண். ஒரு மாநிலத்திலிருந்து கசிவது அங்கே பக்கத்து மாநிலத்தின் வரவாகக் கணக்குக்குள்ளேயே இருக்கும்.

காந்தி ரோடு லாட்ஜ் வருமானத்தையும் சேர்த்துவிடாதீர்கள். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் தங்குவது சிகிச்சைக்காக. ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தரும் பயணப்படி மட்டுமே நம் கணக்கு.
(பாகாயம்)

---

கொள்முதல்வழி சரி, மாற்றிவிட்டேன்.

ஒன்று மிச்சம். ரோட்டாவேக் என்ற ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்றிலும் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. களப்பணியாளர் கூலி வேலூரில் தங்கியது. தடுப்பூசியைத் தயாரிப்பதோ ஹைதராபாத் நிறுவனம். வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகள் குறைவது தடுப்பூசி போட்ட ஊரிலெல்லாம் கிடைக்கும் ஆதாயம். தயாரிப்பு வருமானம், இந்த ஆதாயம் இரண்டும் செலவுச் சுற்றில் சேராது, கிடைக்கவே ஆண்டுகள் ஆகும். "பின்பயன்" என்று தனித் தலைப்பில் வைக்கிறேன். பெருக்கியோடு கூட்டக்கூடாது என்று அடியில் குறிப்பும் போடுகிறேன். மாநில அரசே தந்த பணத்தை, மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் புறநிதியோடு சேர்க்காமல் தனி வரிசையில் காட்டவேண்டும். அது வேறு துறைக்குப் போயிருந்தாலும் இங்கேதான் செலவாகியிருக்கும்.
(காட்பாடி)