2013 மஹிந்திரா தார் டீசல், பெங்களூர் வண்டி: அஞ்செட்டிப் பக்கத்து மண்பாதைக்கு வாங்கலாமா? ஃபோர் வீல் போட்டால் இழுத்துப் பிடிக்கிறது

அஞ்செட்டிப் பையன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. அம்மா அஞ்செட்டியைத் தாண்டி எங்கள் நிலத்திலேயே தனியாக இருக்கிறார். கேழ்வரகு, அவரை, கொஞ்சம் தக்காளி. மெயின் ரோட்டில் இருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் இரண்டு ஓடை. வெயில் காலத்தில் என் பைக்கே போய்விடும். ஐப்பசி மழை பிடித்தால் செம்மண் குழைந்து, நடந்து போகிறவரின் செருப்பைக்கூட விடாது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிவிட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது, அதற்குமேல் அதனால் வர முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் டிப்பரில் வைக்கோல் போட்டு, மேலே தார்ப்பாய் மூடி அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார். அதிலிருந்து ஒரு ஃபோர் வீல் வண்டி வேண்டும் என்பதே என் நினைப்பாக இருக்கிறது.

ஓசூரில் ஒரு வண்டி பார்த்தேன். 2013 மாடல், 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில்) டீசல், கர்நாடகத்தின் கே.ஏ. நம்பர், இரண்டாவது ஓனர், 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கேட்கிற விலை 5,20,000. முன்னால் கனமான இரும்பு பம்பர். முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் இன்னொரு கம்பெனி. வார இறுதியில் மட்டும் எடுப்பேன் என்கிறார் ஓனர்.

ஓட்டிப் பார்த்தபோது கெட்டி ரோட்டிலேயே, கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன லீவரை ஃபோர் வீலுக்குத் தள்ளினேன். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. முழுசாகத் திருப்பினால் யாரோ பிரேக் பிடித்தமாதிரி வண்டி திணறுகிறது, ஸ்டீரிங் கல்லாகிவிடுகிறது. திரும்ப டூ வீலுக்கு இழுத்தால் லீவர் வரவே இல்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் 'தடக்' என்று சத்தத்தோடு விடுபட்டது. இது பழுதா? ஏற்றத்தில் அழுத்தினால் கறுப்புப் புகையும் வருகிறது. சேமித்த பணம் முழுதும் இதில்தான் போகும், அதனால் கேட்கிறேன்.

தளி ரோடு ஜீப் டிரைவர்

தம்பி, முதலில் லீவர் விஷயம். நீங்கள் சொன்னது பழுது இல்லை, பயப்படாதீர்கள்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். அதாவது முன்னால் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். ஆனால் இந்த வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) அந்தச் சக்தியைக் கொண்டுபோகிற முன், பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கெட்டி ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு ஷாஃப்ட்டிலும் பல்சக்கரத்திலும் ஏறுகிறது. அதுதான் அந்தத் திணறல். லீவர் சிக்கியதும் அந்த முறுக்கால்தான். ரிவர்ஸ் எடுத்தீர்கள், முறுக்கு அவிழ்ந்தது, லீவர் விடுபட்டது. மலைப்பாதையில் எங்களுக்கு இது தினசரி வேலை. கெட்டி ரோட்டில் மட்டும் இனி ஃபோர் வீல் போடாதீர்கள். முன்னாடி வைத்திருந்தவர் அப்படியே ஓட்டிக்கொண்டு இருந்தாரா என்பதுதான் எனக்குக் கவலை.

அதைவிடக் கவலை டயர். முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு வேறாக இருந்தால், ஃபோர் வீலில் நேராகப் போனாலும் முறுக்கு ஏறும். ஒரு சாக்பீஸ், ஒரு டேப் கொண்டு போங்கள். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, எவ்வளவு தூரம் போனது என்று அளங்கள். நான்கு சக்கரத்துக்கும் செய்யுங்கள். கம்பெனியில் வந்த அளவு 235/70 ஆர்16.

இன்னொன்று. பின்னால் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரென்ஷியல் 2015 மாடலில்தான் வந்தது. உங்கள் வண்டியில் இருக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் குறுக்காக அந்தரத்தில் தொங்கினால் ஃபோர் வீலிலும் அங்கேயே சுற்றும். ஓடைக் கரையில் கோணலாக இறக்காமல் நேராக இறக்கப் பழக வேண்டும்.

பாலக்கோடு டீசல் மெக்கானிக்

ஜீப் அண்ணன் சொன்னது சரி. நான் இன்ஜினுக்கு வருகிறேன்.

நீங்கள் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததா? டீசல் வண்டியைச் சூட்டில் பார்த்தால் பாதிதான் தெரியும். அடுத்த முறை விடிகாலையில், சொல்லாமல் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். சாவி திருப்பி, ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சுற்றிலேயே பிடித்தால் நல்லது. குளிரில் ஒரு நிமிடம் லேசாக வெள்ளைப் புகை வரலாம், அதை விட்டுவிடுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

நீங்கள் சொல்கிற கறுப்புப் புகைக்குக் காரணம் பல. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அது சில நூறு ரூபாய். டர்போ குழாயில் எங்காவது கீறல் விழுந்து காற்று கசியலாம், அதுவும் சமாளிக்கலாம். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் செலவு பெரிது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசலை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று ரிட்டர்ன் குழாயில் அளந்து பார்க்கலாம். டீசல் பம்ப் பழுது பார்க்கிற கடைகளில் செய்வார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகத் திருப்பினால் அதுதான் குற்றவாளி.

வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, திறப்பின்மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. ரயில் இன்ஜின் மாதிரிப் புஸ்புஸ்ஸென்று புகை அடித்து மூடியைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கட்டாயம் அடியில் படுத்துப் பாருங்கள். வார இறுதியில் மட்டும் எடுத்தேன் என்றால், அந்த வார இறுதியில் எங்கே எடுத்தார் என்பதுதான் கேள்வி. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் இருக்கிற பாதுகாப்புத் தகடு நசுங்கியிருக்கிறதா, சேஸிஸ் உள்ளே காய்ந்த சேறு இருக்கிறதா, வெல்டிங் வைத்த இடம் புதுப் பெயின்ட்டில் மறைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். முன், பின் டிஃபரென்ஷியல் இரண்டிலும் நிரப்புகிற போல்ட்டைக் கழற்றி விரலை விட்டு ஆயிலைத் தொடுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் ஆற்றில் இறக்கி உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரோடு எத்தனை நாள் ஓடியதோ, அத்தனை நாள் பேரிங்கைத் தின்றிருக்கும்.

கடைசியாக, ஃபோர் வீல் சோதனையை ஏரிக்கரை மாதிரி இளகிய மண்ணில் செய்யுங்கள். லோ (மெதுவாக, அதிக இழுவையோடு போகிற ஃபோர் வீல் நிலை) போடும்போது வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து லீவரைத் தள்ள வேண்டும். ஒருவரை வெளியே நிறுத்தி முன் சக்கரம் மண்ணை வாருகிறதா பார்க்கச் சொல்லுங்கள். லோவில் மேடு ஏற்றும்போது லீவர் தானாகத் துள்ளி வெளியே வரக் கூடாது. பிறகு சூளகிரியைத் தாண்டி இறங்கி, மேலுமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்துப் பாருங்கள். டெம்பரேச்சர் முள் நகராமல் இருக்க வேண்டும்.

ஊத்தங்கரை விவசாயி (பெண்)

தம்பி, உங்கள் அம்மா விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் நான் வேறு ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்தப் பணத்துக்கு அந்த ஓடை இரண்டையும் சரிசெய்ய முடியாதா? எங்கள் மாந்தோப்புக்குப் போகிற பாதையும் இப்படித்தான் இருந்தது. நாலு குடும்பம் சேர்ந்து ஓடைப் படுகையில் பெரிய கல்லாகப் பரப்பி, மேலே இரண்டு லோடு கிராவல் அடித்தோம். இப்போது சாதாரண டூ வீல் டிரைவ் பிக்கப், பின்னால் நாலு மூட்டை மண் வைத்தால் மழையிலும் ஏறிவிடுகிறது. எங்கள் நிலத்தில் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்வது வருஷத்தில் ஒரு மாதம்தான்.

வாங்குவதாகவே இருந்தால் ஒன்று. அந்த வண்டியில் ஏறுவது உயரம், பின் சீட் பக்கவாட்டில் எதிரெதிரே இருக்கும். முட்டி வலி உள்ளவரைக் காய்ச்சலோடு அதில் உட்கார வைத்து மூன்று கிலோமீட்டர் குலுக்க முடியாது. ஏற ஒரு படி வையுங்கள், அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். கான்வாஸ் கூரையா, இரும்புக் கூரையா? உங்கள் பக்கம் யானை நடமாட்டமும் உண்டே.

அஞ்செட்டிப் பையன்

அக்கா, தப்பாகவே நினைக்கவில்லை. எங்களுக்கும் அந்த யோசனை இருந்தது. ஆனால் இரண்டாவது ஓடை காட்டு எல்லைக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. முதல் ஓடையில் கல் பரப்புவதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுகிறேன். கான்வாஸ் கூரைதான். படி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அக்கா.

அண்ணா, ஞாயிறு விடிகாலை போகிறேன். கே.ஏ. நம்பரை மாற்றுவது எவ்வளவு கஷ்டம்? விலை குறைவாக இருப்பதே அதனால்தான் என்று நண்பன் சொல்கிறான்.

ஓசூர் வாடகை வீட்டுக்காரர்

நான் கே.ஏ. வண்டி வாங்கி ஓசூரின் டி.என். 70 நம்பருக்கு மாற்றியவன். கஷ்டம் இல்லை, அலைச்சல். விற்கிறவர் தன்னுடைய ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அது கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்ததைக் காட்டப் பேங்க் கடிதமும் படிவம் 35-உம். இங்கே வந்ததும் வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டியதில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம், அதற்குத் தனி விண்ணப்பம். அந்த வரியையும் வண்டி விலையோடு கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்குமேல் பழைய நம்பரிலேயே வைத்திருக்கக் கூடாது.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் கடன் பாக்கி, அபராதம், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கிற நம்பரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 2013 வண்டிக்குப் பதினைந்து வருஷம் 2028-இல் முடியும். அப்போது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. அந்த இரும்பு பம்பரைக் கழற்றிவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அந்த மாதிரி கூடுதல் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எதிரே நடந்து வருகிறவருக்கு அது ஆபத்து.

அஞ்செட்டிப் பையன்

போய்விட்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு இன்ஜின் ஜில்லென்று இருந்தது. முதல் சுற்றிலேயே பிடித்தது. வெள்ளைப் புகை அரை நிமிடம். ஆயில் மூடி லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஏர் ஃபில்டரில் தூசி கட்டியாக இருந்தது. மேலுமலை ஏற்றத்தில் முள் நகரவில்லை. அதுவரை எனக்குச் சந்தோஷம்.

டயரை அளந்தேன். ஒரு சுற்றுக்கு முன் டயர் பின் டயரைவிட ஐந்து சென்டிமீட்டருக்குமேல் குறைவாக ஓடுகிறது. அடியில் தகடு நசுங்கியிருக்கிறது. முன் டிஃபரென்ஷியலில் விரலை விட்டேன், டீ மாதிரி வந்தது. ஏரி மண்ணில் ஹை (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) நன்றாகப் பிடித்தது, முன் சக்கரம் மண்ணை வாரியது. லோவில் கரை ஏற்றினேன். பாதியில் லீவர் துள்ளி வெளியே வந்து, வண்டி பின்னால் உருண்டது. உடனே பிரேக் பிடித்துவிட்டேன். மறுபடி போட்டேன், மறுபடி துள்ளியது. ஓனரிடம் சொன்னால், அதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்கிறார்.

பாலக்கோடு டீசல் மெக்கானிக்

அளவு வேறான டயரோடு ஃபோர் வீலில் ஓட்டி ஓட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே லோ பல் தேய்ந்திருக்கும், அல்லது தள்ளுகிற ஃபோர்க் தேய்ந்திருக்கும். திறந்தால்தான் தெரியும். முன் டிஃபரென்ஷியலுக்கு பேரிங், சீல் வேலை உறுதி. நாலு டயரும் புதுசு. இன்ஜின் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தம்பி, நீங்கள் வாங்குவது அம்மாவை மழை ராத்திரியில் ஓடைக் கரை ஏற்றிக் கொண்டுவர. துள்ளி வெளியே வருகிற லோவை நம்பி அந்தக் கரையில் ஏறக் கூடாது. ஒரு லட்சத்துக்கு மேல் குறைத்தால் திறந்து பார்க்கலாம், அதுவும் அவர் செலவில் திறக்கச் சம்மதித்தால். இல்லாவிட்டால் விடுங்கள்.

தளி ரோடு ஜீப் டிரைவர்

நானும் அதையே சொல்கிறேன். இன்ஜின் கெட்டால் வண்டி வழியில் நிற்கும். லோ துள்ளினால் வண்டி பின்னால் உருளும்.

அஞ்செட்டிப் பையன்

ஓனர் இருபதாயிரம் மட்டும் குறைப்பேன் என்றார், திறக்கவும் விடமாட்டேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வருத்தமாகத்தான் இருந்தது, மழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

முதல் ஓடையில் கல் பரப்பப் பக்கத்து நிலத்துக்காரர் ஒத்துக்கொண்டார். கல் அவருடையது, டிராக்டர் அவருடையது, டீசலும் கூலியும் என்னுடையது. இதற்கிடையில் பர்கூர் பக்கம் ஒரு டி.என். 24 (கிருஷ்ணகிரி நம்பர்) தார் வண்டி இருக்கிறதாம், 2016 மாடல், ஒரே ஓனர், இரும்புக் கூரை போட்டது. பாலக்கோடு அண்ணன் வரும் ஞாயிறு கூடவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணா, அடியில் படுக்கப் பழைய பாயும் டார்ச்சும் சாக்பீஸும் நான் எடுத்து வருகிறேன். ஐந்தரைக்கெல்லாம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.