மறு: பவளப் பாம்பா, முருகைப் பாம்பா?

குழுமத்தாருக்கு வணக்கம், திருகோணமலையிலிருந்து. ஆங்கிலத்தில் coral snake எனப்படும் நச்சுப்பாம்புக்கு அகராதியில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> முருகைப் பாம்பு என்றே வைக்கலாமே? உங்கள் பாடநூல்களில் முருகைக்கல், முருகைக்கற்பாறை எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றனவே.

ஐயா, புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். முருகைக்கல் (கடலடிப் பவளப்பாறைக் கல்) என்றால் என்னவென்று இங்கே ஒரு பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் இறங்கினால் காலுக்கடியில் வெள்ளை வெள்ளையாக உடைந்து கிடப்பது அதுதான். தரம் 10 பிள்ளையிடம் முருகைப் பாம்பு என்று சொன்னால், கல் இடுக்கில் ஒளிந்திருக்கும் கடற்பாம்பு என்றே எடுத்துக்கொள்ளும். வலையில் கடற்பாம்பு ஏறுகிற ஊர் இது. கடற்பாம்பும் நாகக் குடும்பம், நாம் பெயர் தேடுவதும் நாகக் குடும்பம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். நம்முடைய பாம்பு கடற்பிராணியே அல்ல. சருகுக்கடியிலும் இளகிய மண்ணுக்குள்ளும் கிடப்பது.

முருகை பொருளைச் சொல்கிறது, பவளம் நிறத்தைச் சொல்கிறது. இங்கே வேண்டியது நிறம். ஆகவே பவளப்பாம்பு.

> அமெரிக்கப் பவளப்பாம்புக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள் உண்டு, பெயர் பொருந்துகிறது. இலங்கையில் உள்ளது மண்ணிறமாச்சே?

மேலே மண்ணிறம்தான். ஆனால் பவளமல்லியை யோசியுங்கள். பூ வெள்ளை, காம்பு மட்டும்தான் பவளம். அந்தக் காம்பை வைத்தே நம் முன்னோர் பெயர் சூட்டினார்கள். இந்தப் பாம்புக்கும் பவளம் வயிற்றில் இருக்கிறது. பென்சிலை விட ஒல்லியாக, ஓர் அடி நீளத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். தலையும் பிடரியும் கறுப்பு, அதில் மஞ்சள் பொட்டுகள். வாலில் இரண்டு கறுப்பு வளையங்கள். சீண்டினால் தலையைத் தூக்காது. வாலைச் சுருட்டி மேலே தூக்கி, அடிப்பக்கத்து நீலச்சாம்பலைக் காட்டும். வாலைக் கவனிக்கிறவன் தலையைக் கவனிக்க மாட்டான் அல்லவா.

இனப்பெயருக்கு வருவோம். 1802இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஷா இந்தப் பாம்புக்கு வைத்த 'மெலனூரஸ்' என்பதற்குக் கறுத்த வால் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்துக் 'கருவால் பவளப்பாம்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். வால் முழுக்கக் கறுப்பில்லை என்பதால் எனக்கு உடன்பாடில்லை. லத்தீன் பெயரை மாற்ற நமக்கு உரிமை இல்லை, சரி. தமிழ்ப் பெயரும் அதே தவறைச் சுமக்க வேண்டுமா?

என் முன்மொழிவு: வளைவால் பவளப்பாம்பு. வளை என்றால் வளையமும் ஆகும், வளைதலும் ஆகும். கலைச்சொல்லுக்கு இருபொருள் ஆகாது என்று உடனே மடல் வரும், தெரியும். இந்தப் பாம்பின் வாலில் இரண்டுமே உண்மை, போகட்டும் விடுங்கள். புணர்ச்சியில் 'வளைவாற்' என்று திரிய வேண்டுமா என்பதை இலக்கணம் பார்க்கிறவர்கள் தீர்த்து வையுங்கள். பிள்ளைகள் பார்த்தவுடன் வாசிக்கக்கூடியதாக இருந்தால் எனக்குப் போதும். இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1951இல் இலங்கைக்குரிய துணையினமாகப் பிரித்தாரே, அதன் பெயருக்கு முன்னால் 'இலங்கை' என்று ஒட்டிக்கொண்டால் முடிந்தது. 2008இல் இங்கிருந்தே விவரிக்கப்பட்ட இன்னொரு பவளப்பாம்பு இனத்தின் அறிவியற் பெயரிலேயே குருதியும் வயிறும் இருக்கின்றன. அதற்குச் செவ்வயிற்றுப் பவளப்பாம்பு.

'புழுப்பாம்பு' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து இதற்கு நீட்ட வேண்டாம். அது பூச்சட்டியில் கிடக்கும் குருட்டுப் பாம்புக்கு உரியது, நஞ்சில்லாதது. பவளப்பாம்புக்கு அதுதான் இரை. ஒரே பெயரில் இரையையும் இரைகொல்லியையும் போட்டால், பூச்சட்டிப் பாம்பு என்று நினைத்துப் பிள்ளை கையில் எடுக்கும். வாய் சிறிதுதான், ஆனாலும் முன்பக்கம் நிலையான நச்சுப்பல் இருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய எதிர்நஞ்சு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன் (கண்ணாடி விரியன்), சுருட்டை என்ற நான்குக்காகச் செய்யப்பட்டது. பவளப்பாம்பு அதில் இல்லை. அகராதிக் குறிப்பில் 'நஞ்சுள்ளது' என்ற சொல் முதல் வரியிலேயே வரவேண்டும்.

> மலேசியாவில் உள்ள பெரிய இனத்துக்கு என்ன பெயர்? நீலப் பவளப்பாம்பு என்றால் இரண்டு இரத்தினம் வந்துவிடுகிறது.

வரட்டும் அண்ணை, ஒன்பதும் வரவில்லையே. அதன் தலையும் வாலும் சிவப்பு, பக்கவாட்டில் நீலக்கோடு. நீலமும் பவளமும் பொருந்தத்தான் செய்கின்றன. அதன் நச்சுச் சுரப்பி கழுத்தோடு நிற்காமல் உடலின் மூன்றில் ஒரு பங்கு வரை ஓடுகிறது. அதை 'நச்சுப்பை' என்று எழுதியிருந்தீர்கள். பை என்றால் வெறுமனே சேமித்து வைப்பது. இது நஞ்சைச் சுரப்பது, ஆகவே சுரப்பி என்றே இருக்கட்டும்.

நஞ்சு உண்டாக்கும் முடக்கத்தை 'வாதம்' என்று மொட்டையாக எழுதுவதும் போதாது. நாகமும் கட்டுவிரியனும் தசையைத் தளர்த்தி முடக்குகின்றன. நீலப் பவளப்பாம்பின் நஞ்சோ நரம்பில் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்து, தசையை உடனே இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. 2016இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. முன்னதற்குத் தளர்வாதம், பின்னதற்கு இறுக்கவாதம் என்று பிரிக்கலாமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மலேசியாவில் உங்கள் பக்கத் தோட்டப்புறங்களில் நம்மவர்கள் இந்தப் பாம்புக்கு ஏதும் பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள் அண்ணை. அப்படி ஒன்று இருந்தால் என்னுடைய நீலப் பவளப்பாம்பை எடுத்துவிடுகிறேன்.