வாசிகசாலைக் கரும்பலகைக்கு நாலு செய்தி வேணும், எது எதப் போடலாம்?

வாவிக்கரையான்:
களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கட வாசிகசாலையில ஒரு கரும்பலகை இரிக்கு, ஞாயித்துக்கிழமைல நான்தான் சோக்கால எழுதுற. டெக், சயன்ஸ், கேம், அரசியல், நாலுக்கும் ஒவ்வொண்டு, அதுக்குமேல இடமில்ல. வருசக்கடைசி எண்டதால 2025ல நடந்ததுல நாலப் பொறுக்கினன்: ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போட் முடிஞ்சது, ஜூலை 1ல சிலியில இரிக்கிற தொலைநோக்கியால கண்டுபிடிச்ச 3ஐ அட்லஸ் வால்வெள்ளி, ஜிடிஏ 6 எண்ட கேம் இன்னும் பிந்தினது, நேபாளத்துல ஆட்சி மாறினது. நேத்து ஏலெவல் படிக்கிற தம்பி ஒருத்தன் நிண்டு வாசிச்சிட்டு "அண்ண இதுல எங்களுக்கு என்ன இரிக்கு" எண்டு கேட்டுட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு வாயே வரல்ல. எத மாத்துற, சொல்லுங்க.

கல்முனை நானா:
தம்பி விண்டோஸ் 10 முடிஞ்சிட்டு எண்டு மட்டும் எழுதினா சனம் பயந்து என்ட கடைக்குத்தான் வரும், எனக்கு நல்லம்தான் ஆனா நியாயமில்ல. மைக்ரோசொப்ட் அக்கவுண்டால லொகின் பண்ணி செட்டிங்ஸ பேக்கப் போட்டா 2026 ஒக்டோபர் 13 மட்டும் செக்யூரிட்டி அப்டேட் சும்மா வரும், சல்லி தேவல்ல, அத எழுதுங்க. போன கிழமையும் ஒருத்தர் ஆறாம் ஜெனரேசன் இன்டெல் ஐ5 சிப் உள்ள பழைய மெசின் ஒண்டத் தூக்கிக்கொண்டு வந்து விண்டோஸ் 11 போட்டுத் தாங்க எண்டு நிக்கிறார். இன்டெல் சிப்புல எட்டாம் ஜெனரேசனுக்குக் கீழ ஒண்டுரெண்டத் தவிர மைக்ரோசொப்ட் ஏத்துக்கொள்ளாது, அவருக்கு விளங்கப்படுத்தி முடிய லுஹர் பாங்கும் சொல்லிட்டாங்க.

ஆனா உண்மையான டெக் செய்தி ரேம் தான், கொம்பியூட்டருக்குள்ள போடுற மெமரி. கொழும்புக்குக் கோல் எடுத்து காலையில கேட்ட விலை பின்னேரம் இல்ல, கண்ணாடி அலுமாரிக்குள்ள ரெண்டு 8 ஜிபி கிடக்கு, அத விக்கவும் மனசில்ல, வித்தா அந்தக் காசுக்குத் திருப்பி எடுக்க ஏலா. ஏன் எண்டா உலகத்துல ரேம் சிப் செய்ற பெரிய ஆக்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் எண்டு மூண்டே மூண்டு பேர்தான், ஏஐ டேட்டா சென்டர்காரனுக்கு வேற மாதிரி மெமரி, எச்பிஎம் எண்டு சொல்ற, அது நல்ல விலைக்குப் போகுது எண்டு மூணு பேரும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டாங்க. டிசம்பர் 3ல மைக்ரோன் சொல்லிட்டான், குரூஷியல் பேர்ல எங்களப் போல ஆக்களுக்கு விக்கிறத 2026 பெப்ரவரியோட நிப்பாட்டப் போறானாம். நான் கடை துறந்த நாள்ல இரிந்து விக்கிற சாமான் அது.

பாடும்மீன்:
வால்வெள்ளிய எடுத்துராதீங்க! எங்கட மாமா அது வேற்றுக்கிரகக் கப்பல் எண்டு வட்ஸ்அப்ல மூணு தரம் அனுப்பிட்டார். அது வால்வெள்ளிதான் எண்டு நாசா தெளிவாச் சொல்லிட்டு, டிசம்பர் 19ல பூமிக்குக் கிட்ட வந்ததே 27 கோடி கிலோமீட்டர் தூரத்துல, வெறுங்கண்ணுக்குத் தெரியவும் தெரியா. ஆனா இப்பிடி எழுதுங்க: செக்கனுக்கு 60 கிலோமீட்டர் அளவுல வந்தது, எங்கட உதயதேவி ரயில் ஒரு பகல் முழுக்க ஓடுற கொழும்பு மட்டக்களப்புத் தூரத்த அது அஞ்சாறு செக்கன்ல தாண்டிரும். 2017ல ஒமுவாமுவா, 2019ல பொரிசோவ், இது மூண்டாவது, சூரிய குடும்பத்துக்கு வெளியால இரிந்து வந்து திரும்பி வராமப் போறது. தம்பிமார் நிண்டு வாசிப்பாங்க.

லெவல்99:
ஜிடிஏ 6அ அழிங்க அண்ண. 2025 எண்டான், மறுகா 2026 மே 26 எண்டான், இப்ப நவம்பர் 19 எண்டுறான், அதுவும் பிஎஸ்5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும்தான், பிசிக்கு எப்ப எண்டு ஒரு சொல்லும் இல்ல. எங்கட ஏரியால ஜிடிஏ 5வே இப்பதான் பழைய மெசின்ல லோ செட்டிங்ஸ்ல இழுத்து இழுத்து ஓடுது, அது வந்தது 2013ல.

கேம் இடத்துல நேபாளத்தப் போடுங்க, பகிடிக்குச் சொல்லல்ல. டிஸ்கோட் கேம் விளையாடுற நாங்க கதைக்கிறதுக்கு வந்த சாமான் தானே, செப்டம்பர் 4ல அங்க அரசாங்கம் 26 சோசல் மீடியாத் தளங்கள மூட அதுவும் மாட்டிட்டு, 8ல பொடியன்கள் ரோட்டுக்கு வந்து 9ல பிரதமர் கே.பி. சர்மா ஒலி ராஜினாமா, மறுகா அதே டிஸ்கோட்ல ஆயிரக்கணக்குல கூடி இடைக்காலப் பிரதமரா ஆரப் போடலாம் எண்டு வோட் எடுத்தாங்க, முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி வந்தா. இதவிடப் பெரிய கேம் செய்தி இரிக்கா?

ரீச்சரம்மா:
லெவல்99, வோட்ல முன்னுக்கு நிண்டவ எண்டு எழுதலாம், டிஸ்கோட்தான் பிரதமரத் தெரிஞ்சது எண்டு எழுதப்படாது, நியமிச்சது ஜனாதிபதி. அந்தக் கலவரத்துல 70 பேருக்கு மேல செத்திருக்காங்க, கேம் எண்ட தலைப்புக்குக் கீழ அதப் போட எனக்கு மனம் வரல்ல தம்பி.

எங்களுக்கு என்ன இரிக்கு எண்டு அந்தப் பிள்ளை கேட்டது சரி. 2019 ஏப்ரல் 21, இஞ்ச மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்ச அண்டைக்கும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் மூடினதுதானே. கட்டார்ல இரிந்த என்ட தம்பி எங்களத் தேடி லேண்ட்லைன் இரிக்கிற பக்கத்து வீட்டுக்கு எடுத்தவன், நாங்க உயிரோட இரிக்கம் எண்டு அந்த வீட்டுக்காரர்தான் சொன்ன. 2022 ஏப்ரல் 3லயும் ஒரு பகல் மூடினாங்க. நேபாளத்த எழுதினா பக்கத்துல இந்த ரெண்டு திகதியையும் எழுதுங்க. டிசம்பர் 10ல இரிந்து அவுஸ்திரேலியாவில 16 வயசுக்குக் கீழ சோசல் மீடியா அக்கவுண்ட் வச்சிருக்க ஏலா, இடமிருந்தா அதையும் சேருங்க, என்ட வகுப்புல ரெண்டு நாளா இதே கதைதான்.

வாவிக்கரையான்:
எழுதிட்டன். டெக்குக்கு ரேம், கீழ சின்னனா விண்டோஸ் 10 பேக்கப் விசயம். சயன்ஸுக்கு உதயதேவியோட வால்வெள்ளி. அரசியலுக்கு நேபாளமும் ரீச்சர் சொன்ன ரெண்டு திகதியும், அவுஸ்திரேலியாவுக்கு இடம் வரல்ல. கேமுக்கு "ஜிடிஏ 6, நவம்பர் 19, நம்பினா நம்புங்க". அந்தத் தம்பி திரும்பவும் வந்தவன், 2019 எண்டதப் பார்த்துட்டு கொஞ்சநேரம் பேசாம நிண்டான், தனக்கு அப்ப பதினொரு வயசாம். மறுகா ரேம் இப்ப என்ன விலை எண்டு போடல்லையே எண்டு கேட்டான். நானா, என்ன விலை போட?

கல்முனை நானா:
போட்டுராத தம்பி, ஒவ்வொரு நாளும் அழிச்சு எழுதச் சோக்கு காணாது.