சொந்தமா பண்ண மூணு சக்கர வண்டி, காலியா திரும்புறப்ப ஒரு சக்கரம் தூக்குது, உதவி வேணுங்க

தோப்புக்காரன்

வணக்கமுங்க. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு, ஆறு ஏக்கர். அப்பாவுக்கு 68 வயசு, வலது முட்டி தேஞ்சு போச்சு, ஆனாலும் காலைல ஒரு சுத்து தோப்ப பாக்காம இருக்க மாட்டார். அவர் உக்காந்து ஓட்டவும் பின்னாடி ஒரு அம்பது தேங்கா போட்டு களத்துக்கு கொண்டு வரவும் ஒரு வண்டி பண்ணேன். வெல்டிங் நானே, லேத்து வேல மட்டும் வெளிய குடுத்தேன்.

முன்னாடி ஒரு சக்கரம் (பழைய எக்ஸ்எல் ஃபோர்க்கு, சக்கரம்), பின்னாடி ரெண்டு. முன் சக்கரத்துக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல 150 செ.மீ., பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல 90. 48 வோல்ட் 1000 வாட்ஸ் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மோட்டார், செயின் போட்டு 25 எம்எம் ஆக்சில சுத்துது, ரெண்டு பின் சக்கரமும் அதே ஆக்சில்ல கீ (இரும்பு ஆப்பு) போட்டு டைட் பண்ணிருக்கேன். பேட்டரி நாலு, சீட்டுக்கு அடியில. பிரேக் முன் டிரம் மட்டும்.

பிரச்சன என்னன்னா களத்து மூலைல திரும்புறப்ப உள்பக்க பின் சக்கரம் அப்படியே மூணு நாலு இன்ச் தூக்குதுங்க. போன வாரம் அப்பா பயந்து காலை ஊணிட்டார், அதுவும் அந்த வலது காலை. ஆச்சரியம் என்னன்னா தேங்கா லோடு இருந்தா இவ்ளோ தூக்கறதில்ல, காலி வண்டில தான் தூக்குது. லோடு ஏத்துனா தானே மோசமாகணும்? ஈர மண்ணுல ஹேண்டில திருப்பினாலும் வண்டி நேரா தான் போகுது, 20 தாண்டுனா ஹேண்டில் வேற நடுங்குது. அம்மா வண்டிய எடைக்கு போடச் சொல்றாங்க. என்ன தப்பு பண்ணிருக்கேன்?

காசிமேடு கஜா

நைனா சிம்பிள் மேட்டரு. பின்னால ஒரு மணல் மூட்ட போட்டு கட்டிடு, தூக்காது. எங்க ஏரியால மீன்பாடி வண்டிக்கு பழைய இன்ஜின் மாட்டி ஓட்டுறவனுங்க எந்த கணக்கும் பாக்கறதில்ல.

லேத்து பட்டற

கஜா சொல்றது பாதி சரி தான் தம்பி, சிரிக்காதீங்க. லோடு போட்டா கம்மியா தூக்குதுன்னு நீங்களே சொன்னீங்கல்ல, விடையே அங்க தான் இருக்குது. மூட்டைய கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க. வீட்டுல ஆள் எடை பாக்குற மெஷின் இருந்தா முன் சக்கரத்துக்கு அடியில வைங்க, பின் சக்கரம் ரெண்டுக்கும் மெஷின் உயரத்துக்கு பலகை போட்டு வண்டி மட்டமா நிக்கணும். அப்பா சீட்டுல உக்காரட்டும். அப்பறம் ஒவ்வொரு பின் சக்கரமா அதே மாதிரி எடை எடுத்து மூணு நம்பரையும் இங்க போடுங்க. கூடவே சீட்டு தரையில இருந்து எத்தன செ.மீ., பேட்டரி எத்தன செ.மீ.ன்னும் சொல்லுங்க.

தோப்புக்காரன்

அண்ணா எடுத்துட்டேன். முன் சக்கரம் 105 கிலோ. பின்னாடி இடது 53, வலது 52. மொத்தம் 210. சீட்டு 80 செ.மீ., பேட்டரி நடு உயரம் 65 வரும். அப்பா 70 கிலோ, பேட்டரி நாலும் சேந்து 42 கிலோ.

லேத்து பட்டற

பாருங்க, பாதி எடை முன் சக்கரத்துல நிக்குது. அப்ப வண்டியோட மொத்த எடையும் கூடுற புள்ளி பின் ஆக்சில்ல இருந்து 75 செ.மீ. முன்னாடி, அதாவது சரியா நடு மத்தியில (105ஐ 210ஆல வகுத்து 150ஆல பெருக்குங்க). மூணு சக்கர வண்டிய மேல இருந்து பாத்தா முக்கோணம். பின்னாடி 90 செ.மீ. அகலம், முன்னாடி போகப் போக குறுகி முன் சக்கரத்துல வெறும் புள்ளி. நீங்க 90 அகலத்துல வண்டி நிக்குதுன்னு நெனக்கிறீங்க, ஆனா எடை இருக்குற எடத்துல முக்கோணம் 45 தான் இருக்கு, ஒரு பக்கத்துக்கு 22.5. எடையோட உயரம் உங்க அளவ வெச்சு சுமாரா 70 செ.மீ. வருது. 22.5ஐ 70ஆல வகுத்தா 0.32, அதாவது திரும்புறப்ப வெளிப்பக்கமா தள்ளுற விசை மொத்த எடையில 0.32 பங்கு ஆனாலே தூக்கும். நாலு மீட்டர் ஆரம் இருக்குற வளைவுல இத போட்டுப் பாத்தா மணிக்கு 13 கி.மீ. வேகத்துலயே உள் சக்கரம் தரைய விட்டுடும். சைக்கிள்ல போறவனே அந்த வேகத்துல தாங்க போறான்.

தேங்கா அம்பது கிலோ பின் ஆக்சில் மேல உக்காந்தா எடைப் புள்ளி 75ல இருந்து 60 செ.மீ. கிட்ட பின்னாடி வந்துருது, முக்கோணம் அங்க அகலம். அதான் லோடோட சமத்தா போகுது. பெட்ரோல் ஆட்டோவ பாருங்க, இன்ஜின் பின்னாடி, பாசஞ்சர் பின்னாடி, டிரைவர் ஒருத்தர் தான் முன்னாடி.

கஜா சொன்ன மூட்டையும் இதே வேலைய தான் செய்யும், ஆனா அந்த கூடுதல் எடைய பேட்டரியும் பிரேக்கும் தானே சுமக்கணும். ஏற்கனவே இருக்குற எடைய நகர்த்துங்க. பேட்டரிய சீட்டுக்கு அடியில இருந்து எடுத்து தேங்கா தட்டுக்கு கீழ, ஆக்சிலுக்கு நேரா, எவ்ளோ தாழ்வா முடியுதோ அவ்ளோ தாழ்வா. 75 செ.மீ. பின்னாடி போகும்ல. சீட்ட 30 செ.மீ. பின்னாடி தள்ளி 15 செ.மீ. இறக்குங்க, ஹேண்டில்பார நீட்டிக்கணும். இந்த ரெண்டுலயே எடைப் புள்ளி 75ல இருந்து 50க்கு வந்துரும். பின் அகலத்த 110 ஆக்கிட்டா ஒரு பக்கத்துக்கு 36 செ.மீ. கெடைக்கும், உயரம் 55. அதே வளைவுல 18 வரைக்கும் தாங்கும்.

இன்னொன்னு, அகலத்த மட்டும் கூட்டிட்டு மத்தத விட்டுடாதீங்க. நெறய பேர் அதான் பண்ணுவாங்க.

சைக்கிள் பைத்தியம்

இதெல்லாம் எதுக்கு, திருப்பிப் போட்டு முன்னாடி ரெண்டு பின்னாடி ஒன்னு வெச்சா பிரச்சனையே இல்லையே? அந்த மாதிரி வண்டி திரும்பும்போது பிரேக் அடிச்சாலும் அவ்ளோ சீக்கிரம் கவுறாது. இங்கிலாந்துல மார்கன் கார் கம்பெனி அப்படித்தான் பண்ணாங்க, அதே ஊர் ரிலையன்ட் ராபின் கார் முன்னாடி ஒத்த சக்கரம் வெச்சு தான் கவுற்றதுக்குன்னே பேர் வாங்குச்சு.

லேத்து பட்டற

பிரேக் விஷயம் ரொம்ப சரி. முன்னாடி ஒத்த சக்கரம் இருக்குற வண்டில திரும்பிட்டே பிரேக் அடிச்சா எடை முன்னாடியும் வெளிப்பக்கமும் ஒன்னா பாயும், அங்க தாங்கறதுக்கு சக்கரம் கெடையாது. அதனால தம்பி, முன் டிரம் மட்டும் வெச்சு ஓட்டறத மொதல்ல நிறுத்துங்க, பின்னாடி பிரேக் கண்டிப்பா வேணும். ஆனா இவருக்கு முன்னாடி ரெண்டு சக்கரம் வேணாம்னு தான் சொல்லுவேன். ரெண்டு சக்கரத்தயும் திருப்பணும்னா ரெண்டு பக்கமும் கிங்பின் (சக்கரம் திரும்புற முளை), டை ராடு (ரெண்டையும் இணைக்கிற கம்பி), உள் சக்கரம் அதிகமா வெளி சக்கரம் கம்மியா திரும்புற கணக்குன்னு வேல இழுத்துட்டே போகும். அந்த டிசைன்ல பெரும்பாலும் சீட்டும் தரையோட தரையா வரும், முட்டி போன மனுசன் அதுல இருந்து எந்திரிக்கவே ஆள் வேணும்.

மதுரக்காரன்

ணே, ஈர மண்ணுல நேரா போகுதுன்னு சொன்னத யாரும் பேசலயே. ரெண்டு பின் சக்கரத்தயும் ஒரே ஆக்சில்ல கீ போட்டு இறுக்கியிருக்கீங்க, அது தான் காரணம். நாலு மீட்டர் வளைவுல ஒரு முழு வட்டம் அடிச்சா உள் சக்கரம் 22 மீட்டர் உருளணும், வெளி சக்கரம் 28 மீட்டர் உருளணும். ரெண்டும் ஒரே ஆக்சில்ல இருந்தா ஒரே அளவு தான் உருள முடியும், அப்ப ஒன்னு வழுக்கி ஆகணும். அதுங்க ரெண்டும் சேந்து வண்டிய நேரா தள்ளும், முன்னாடி ஒத்த சக்கரம் ஈரத்துல பிடி இல்லாம உழுதுட்டே போகும். 1886ல கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்குன மொத மோட்டார் வண்டியும் மூணு சக்கரம் தான், அதுலயே டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற அமைப்பு) வெச்சிருந்தாரு மனுசன்.

ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, ஈ-ரிக்‌ஷாவுக்குன்னு டிஃபரன்ஷியலோட வர்ற பின் ஆக்சில் செட்ட வாங்கி மாட்டுங்க, பின் டிரம் பிரேக்கும் அதோடயே வரும். செலவு வேணாம்னா ஒரு சக்கரத்த கீ எடுத்துட்டு பேரிங் போட்டு சும்மா சுத்த விட்டுருங்க, மோட்டார் இன்னொன்ன மட்டும் தள்ளட்டும். லேசா ஒரு பக்கம் இழுக்கும், உங்க வேகத்துக்கு பெருசா தெரியாது.

தோப்புக்காரன்

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஆக்சில கழட்டி பாத்தேன், அடிவயிறு கலங்கிருச்சு. வலது சக்கர ஹப்ப வெல்டிங் வெச்ச எடத்துல முடி மாதிரி ஒரு கோடு. மொதல்ல கிரீஸ்னு நெனச்சு துணில துடைச்சேன், போகல. நகத்த வெச்சு இழுத்தா மாட்டுது. விரிசல். சுத்தி பாதி தூரம் ஓடிருக்குது.

லேத்து பட்டற

ரெண்டு சக்கரமும் ஒன்ன ஒன்னு இழுத்துட்டு கெடந்தா அந்த முறுக்கு பூரா ஆக்சில்லயும் ஹப்லயும் தான் இறங்கும். அது மேலயே இன்னொரு வெல்டிங் வெச்சு மூடாதீங்க, புது ஹப் கடைஞ்சு போடுங்க. அகலம் 110 பண்றப்ப பிளம்மர் பிளாக்கையும் (ஆக்சில தாங்குற பேரிங் கட்டை) சக்கரத்து பக்கம் நகர்த்தணும். பழைய எடத்துலயே விட்டுட்டு ஆக்சில மட்டும் நீட்டினா பக்கத்துக்கு 10 செ.மீ. அதிகமா தொங்கும், 25 எம்எம் ராடு வளையும். சேசிஸ்ல குறுக்குப் பைப்பும் அதுக்கேத்த மாதிரி நீளணும்.

ஹேண்டில் நடுங்கறதுக்கு: ஃபோர்க்கு நடு ராடு எந்த சாய்வுல இருக்குதோ அந்த சாய்வுலயே ஒரு நூல தரை வரைக்கும் இழுத்து புள்ளி வைங்க. சக்கர ஆக்சில்ல இருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு இன்னொரு புள்ளி. நூல் புள்ளி முன்னாடியும் குண்டு புள்ளி அதுக்குப் பின்னாடியும் இருக்கணும், நடுவுல எவ்ளோ வருது?

தோப்புக்காரன்

ஒரு செ.மீ. கூட இல்லீங்ணா. ஃபோர்க்க கிட்டத்தட்ட செங்குத்தா வெச்சுட்டேன், அப்பா ஏறி இறங்க எடம் வேணும்னு.

லேத்து பட்டற

அதான். மளிகைக் கடை தள்ளுவண்டி சக்கரம் ஏன் தானா நேராகுது? தரையத் தொடற எடம் திரும்புற அச்சுக்கு பின்னாடி இழுபடுது. உங்களுதுல அந்த இழுப்பே இல்ல. தலைப் பைப்ப அறுத்து தரையில இருந்து 65 டிகிரி சாய்வுக்கு மாத்துங்க, எக்ஸ்எல் சக்கரத்துக்கு 7, 8 செ.மீ. வரும். கோன் செட்டும் (ஹேண்டில் திரும்புற பேரிங்) தேஞ்சிருந்தா அதுலயும் நடுக்கம் வரும், ஆட்டிப் பாருங்க.

ஊர்வாசி

எல்லாரும் இன்ஜினியரிங் பேசிட்டீங்க, நான் சட்டம் பேசிட்டு போறேன். இந்த வண்டி தோப்புக்குள்ள மட்டும் தானே ஓடுது?

தோப்புக்காரன்

பெரும்பாலும் உள்ள தான். களம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இட்டேரி (வேலிக்கு நடுவுல போற மண் பாதை) முடிஞ்சு பஞ்சாயத்து ரோட்டுல ஒரு இருநூறு மீட்டர் போகணும்.

ஊர்வாசி

அந்த இருநூறு மீட்டர் தான் சிக்கல். பொது ரோடுன்னா பதிவு வேணும். சொந்தமா பண்ண வண்டிக்கு பதிவு கெடைக்கறது குதிரைக் கொம்பு, 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு பதிவான வண்டியவே இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. வடக்க ஜுகாடுன்னு பம்ப் செட் இன்ஜின் மாட்டி ஓட்டுவாங்கல்ல, சட்டப்படி இல்லாம அதுவும் ரோட்டுல ஓடக் கூடாதுன்னு 2013லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. பேட்டரி வண்டிக்கு பதிவு வேணாம்னு கடைக்காரன் சொல்லுவான், நம்பாதீங்க. அந்த விலக்கு 250 வாட்ஸ்க்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உள்ள இருக்குறதுக்கு தான், அதுவும் அங்கீகாரம் இருக்குற டெஸ்டிங் ஏஜென்சி சான்று குடுத்தா தான். உங்களுது 1000. யார் மேலயாவது மோதிட்டா இன்சூரன்ஸும் கெடையாது. களத்த தோப்புக்குள்ள மாத்த முடியுமான்னு பாருங்க.

காசிமேடு கஜா

சார் வந்து ஊத்திட்டாரு தண்ணிய.

தோப்புக்காரன்

இல்லீங்க கஜாண்ணா, அவர் சொல்றது சரி தான். அப்பா கிட்ட சொன்னேன், தொண்டுப்பட்டி (மாடு அடைக்கிற எடம்) பக்கத்துல மேடா ஒரு எடம் கெடக்குது, அங்கயே உலத்திக்கலாம்னுட்டார்.

(மூணு வாரம் கழிச்சு)

வேல முடிஞ்சுதுங்க. பேட்டரி ஆக்சில் மேல, சீட்டு பின்னாடி போச்சு, இறங்குச்சு, அகலம் 110. புது ஹப் ரெண்டும் கடைஞ்சு வாங்கிட்டேன். எடை மெஷின்ல முன் சக்கரம் இப்ப 72 கிலோ, அண்ணன் கணக்கு 70 சொல்லுச்சு, ரெண்டு கிலோ தான் வித்தியாசம். அப்பாவுக்கு பதிலா சீட்டுல எழுபது கிலோ மணல் மூட்டய கட்டி, ஒரு பக்கம் ஜாக்கி வெச்சு தூக்கி, கவுறாம இருக்க தூக்கின பக்கத்துலயே ரெண்டு ஆள் கயிறு புடிச்சு, ஃபோன குறுக்க வெச்சு சாய்வு பாத்தேன். மாத்தறதுக்கு முன்னாடி இதே மாதிரி பாத்தப்ப 16 டிகிரில தள்ளாட ஆரம்பிச்சுது, இப்ப 30 கிட்ட போயும் நின்னுச்சு. கன்ட்ரோலர்ல மூணு ஸ்பீடு ஒயர் இருந்துச்சு, சின்ன ஸ்பீடுல கட்டிட்டேன், 14 மேல போகாது.

பின் சக்கரம் ரெண்டுக்கும் டிரம் போட்டு ஒரே பெடல்ல இழுத்தேன், இடது கால் பெடல், அப்பாவுக்கு அந்தக் கால் நல்லா இருக்குது. இடது சக்கரத்த ஃப்ரீயா விட்டுட்டேன், இப்ப ஈரத்துல ஹேண்டில் கேக்குது. ஆனா வலது சக்கரம் மரத்தச் சுத்தி இருக்குற வட்டப்பாத்தி சேத்துல இறங்குனா சும்மா சுத்திட்டு நிக்குது, இறங்கி தள்ளணும். டிஃபரன்ஷியல் போட்டா இது சரியாகுமா?

மதுரக்காரன்

ஆகாது ணே. சாதா டிஃபரன்ஷியலும் பிடி இல்லாத சக்கரத்த தான் சுத்த விடும். பாத்திக்குள்ள இறங்காம வரப்பு ஓரமா ஓட்டச் சொல்லுங்க.

தோப்புக்காரன்

சொன்னா கேக்குற ஆளா அவரு. அப்பறம் ஒன்னு, எடைக்கு போடச் சொன்ன எங்கம்மா நேத்து தேங்கா தட்டுல ஏறி உக்காந்து மோட்டார் ரூம் வரைக்கும் போயிட்டு வந்தாங்க.

லேத்து பட்டற

தட்டு மேல ஆள ஏத்தாதீங்க தம்பி. தேங்கா தாழ்வா கெடக்கும், ஆள் நிமிந்து உக்காருவாங்க, உயரக் கணக்கு மறுபடி மாறும். புடிச்சுக்க கம்பி கூட இல்ல.

தோப்புக்காரன்

சரிங்ணா. அம்மா கிட்ட சொல்லிட்டேன், கம்பி எப்ப வைப்பேன்னு கேக்கறாங்க.