மறு: பைபோலார் உள்ளவர்களுக்கான செல்ஃப் மேனேஜ்மென்ட் ஆப் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பைபோலார் (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே மாறும் நோய்) உள்ளவர்கள் தங்கள் மனநிலையைத் தாங்களே குறித்துப் பார்த்துக்கொள்ள உதவும் போன் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். அதற்குப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்தவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ‘இருதுருவப் பிறழ்வுத் தன்மேலாண்மைச் செயலி’, ‘மனநிலைக் கண்காணிப்புச் செயலி’, ‘தற்பேணல் செயலி’. நான் முன்வைப்பது ‘மனநிலைப் பேணல் செயலி’.

> மானிட்டரிங் என்றால் கண்காணிப்பு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது, ஐயா. தீவிர கண்காணிப்புப் பிரிவில் அந்தச் சொல் பொருந்தும். அங்கே செவிலியர் பக்கத்தில் நிற்கிறார். இந்தச் செயலியைத் திறப்பவர் தன் அறையில் தனியாக இருப்பவர். சந்தேக எண்ணங்கள் தலைதூக்கும் நேரத்திலும் அவர் அதைத் திறக்கக்கூடும். என் அண்ணன் இந்த நோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி வரைவைக் காட்டினேன். ‘உங்கள் மனநிலை கண்காணிக்கப்படுகிறது’ என்ற வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “யாரு கண்காணிக்கிறா?” என்று கேட்டார். அன்று அவர் நல்ல நிலையில்தான் இருந்தார். நிலை சரியில்லாத நாளில் அந்த வரி என்ன செய்யும் என்பதை யோசிக்க வேண்டும்.

இது வெறும் சொல்லழகுப் பிரச்சினையும் இல்லை. டென்மார்க்கில் மொனார்கா என்றொரு செயலியை உருவாக்கிச் சோதித்தார்கள். ஒவ்வொரு நாளும் மனநிலையை –3 முதல் +3 வரை குறிக்க வேண்டும். தூங்கிய நேரம், மாத்திரை, எரிச்சல், மது எல்லாவற்றையும் இட வேண்டும். எத்தனை அழைப்புகள், எத்தனை குறுஞ்செய்திகள் என்பதைப் போனே கணக்கெடுத்துக்கொள்ளும். 78 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செயலியோடும் மற்றதற்குச் செயலி இல்லாமலும் போன் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது: இரு குழுக்களுக்கும் நோய்க்குறிகளில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. செயலி வைத்திருந்தவர்களிடம் மனச்சோர்வுக் குறிகள் சற்றுக் கூடுதலாக நீடிக்கும் போக்குகூடத் தெரிந்தது. சோர்ந்திருப்பவர் தன் சோர்வையே தினமும் உற்றுப் பார்த்து எண் போடுவது அவரை அதிலேயே நிறுத்திவிடுமோ என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது. பார்ப்பது ஒரு படிதான். பார்த்தபின் தூக்க நேரத்தைச் சரிசெய்வது, மருத்துவரைக் கூப்பிடுவது என்று ஒன்றைச் செய்தால்தான் பயன். ‘கண்காணிப்பு’ பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. ‘பேணல்’ என்ற சொல்லில் செய்வதும் இருக்கிறது.

அடுத்து ‘தன்’.

‘தற்பேணல்’ புணர்ச்சியில் சரியானதே; தற்பெருமை, தற்புகழ்ச்சி போல. ஆனால் மனநலத் துண்டறிக்கைகளில் ‘தற்’ என்று தொடங்கி அடிக்கடி கண்ணில் படுவது தற்கொலை. செயலிக்குள்ளே உதவி எண் பக்கத்தில் அந்தச் சொல் எப்படியும் வரப்போகிறது (அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அங்கே சேர்த்திருக்கிறோம்). பெயரிலும் அதன் சாயல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

‘தன்மேலாண்மை’யில் எனக்குள்ள தடை இதைவிடப் பெரியது. இந்த நோயில் மேனியா (மிகை உற்சாக நிலை) ஏறும்போது முதலில் மங்குவது ‘எனக்கு ஏதோ சரியில்லை’ என்ற உணர்வுதான். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் எழுபவர், தன்னை மிக நன்றாக மேலாண்மை செய்துகொண்டிருப்பதாகத்தான் அப்போது நினைப்பார். அதனால்தான் நலமாக இருக்கும் நாட்களிலேயே மருத்துவரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து, ‘என் முன்னறிகுறிகள் இவை, இவை தெரிந்தால் இவர் என்னிடம் சொல்வார், நான் இதைச் செய்வேன்’ என்று எழுதிவைக்கச் சொல்கிறார்கள். ‘தன்’ என்று அழுத்தும் பெயர் இந்த ஏற்பாட்டில் பாதியை மறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிவ்வெல் செயலியில்கூடப் பேசி வழிநடத்த ஒரு பயிற்சியாளர் இருந்தார். அந்தச் சோதனையிலும் எல்லாருக்கும் பலன் கிடைக்கவில்லை. நோய்க்குறிகள் தணிந்த நிலையில் சேர்ந்தவர்களுக்குத்தான் நோய் திரும்புவது குறைந்தது.

> ‘செல்ஃப்’ விடுபட்டால் மொழிபெயர்ப்பு முழுமையாகாதே?

விடுபடவில்லை என்றே நினைக்கிறேன். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்கிறோம். யார் உடம்பு என்று யாரும் கேட்பதில்லை. தனக்காகச் செய்வது என்ற பொருளை ‘கொள்’ என்ற துணைவினை தந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லில் ‘கொள்ளல்’ சேர்த்தால் நீளும். ‘உடல் பேணல்’ என்றாலே அவரவர் உடல்தான் நினைவுக்கு வருகிறது, கூட இருப்பவர் கைகொடுக்கவும் அதில் இடமிருக்கிறது. பொத்தான்களில் மட்டும் ‘குறித்துக்கொள்ளுங்கள்’, ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வினையாகவே வைக்கலாம்.

நோயின் பெயருக்கு ‘இருமுனைக் கோளாறு’ போதும். பிறழ்வு என்றதும் பிறழ்சாட்சி நினைவுக்கு வருகிறது, நடத்தைமீது தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று சொல்ல யாரும் கூசுவதில்லை.

மனநிலைக் கோட்டின் இரு முனைகளுக்கும் ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்று போடலாம் என்ற சகோதரிக்கு: பேச்சில் நாங்களும் “ஏறுது” என்றுதான் சொல்கிறோம். ஆனால் எழுத்தில் ‘ஏற்றம்’ என்றால் உயர்வு, வளம். மேனியா தொடங்கும்போது இனிமையாகத்தான் இருக்கும். பலர் மாத்திரையை நிறுத்துவது அதை நம்பித்தான். அந்த முனைக்கு நாமே வாழ்த்துப்போல ஒரு பெயர் சூட்டக்கூடாது. மேனியாவுக்கு ‘மிகையெழுச்சி’ என்றால் அதில் உள்ள ‘மிகை’ எச்சரிக்கிறது. ஹைப்போமேனியாவுக்கு (மேனியாவின் மிதமான வடிவம்) இளஞ்சூடு, இளஞ்சிவப்பு வழியில் ‘இளவெழுச்சி’ என்று ஒன்று தோன்றுகிறது. இளைஞர் எழுச்சி என்று படிப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

மிக அவசரமாக மாற்ற வேண்டியது ‘செயலற்ற தரவு சேகரிப்பு’. பேஸிவ் என்பதை நேராகப் பெயர்த்ததில் வந்தது. அமைப்புப் பக்கத்தில் இதைப் படிப்பவர், சேகரிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது என்றுதான் புரிந்துகொள்வார். உண்மையில் அழைப்பு எண்ணிக்கை, நடமாட்டம், திரை எத்தனை முறை எரிந்தது எல்லாம் அவர் கை வைக்காமலே சேர்ந்துகொண்டிருக்கும். 2015இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இந்நோய்க்கான 82 செயலிகளைப் பார்த்தது. தனியுரிமைக் கொள்கை இருந்தவை 22 விழுக்காடுதான். கொள்கையை எழுதிவைத்துவிட்டு, சொல்லால் அதைப் பொய்யாக்கிவிடக்கூடாது. ‘நீங்கள் இடும் தரவு’, ‘தானே சேரும் தரவு’ என்று இரண்டாகப் பிரித்தால் படித்ததும் விளங்கும்.

லித்தியம் அளவுக் கட்டத்தில் வரும் ‘ட்ரஃப் லெவல்’ என்பதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுமுன் எடுத்த ரத்தத்தின் அளவு’ என்று நீட்டியே எழுதிவிடலாம். மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு ஏறிக் காட்டும், மருந்தைக் குறைக்கும் நிலைகூட வரும். இந்த இடத்தில் சிக்கனம் ஆபத்து.

எனக்கு விடை கிடைக்காதது ‘ரிலாப்ஸ்’ (தணிந்த நோய் மறுபடி வருவது). ‘பின்னடைவு’ என்றால் நோயாளி தோற்றதுபோல ஒலிக்கிறது. ‘மீள்’ சேர்த்து எதையும் ஆக்க முடியவில்லை. மீண்டார் என்றால் குணமானார், மீண்டும் வந்தது என்றால் நோய் திரும்பியது, இரண்டும் ஒரே வேரில். இப்போதைக்குக் கோப்பில் ‘நோய் திரும்புதல்’ என்று இட்டிருக்கிறேன். மனநலப் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வீட்டார் அழைத்துவரும்போது இதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலை மொழிக்கோப்பை மூடுகிறோம்.